வீட்டிலிருக்கச் சொன்னவர்கள் கூலி கொடுத்தார்களா?

2020 மார்ச் 25-ல் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. மே 1 அன்று, அதுவும் தொழிலாளர் தினத்திலே, மத்திய உள்துறை ஓர் உத்தரவு போட்டது. 65 வயதைத் தாண்டியவர்களும் நாள்பட்ட நோயுள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வீட்டிலேயே இருக்க வேண்டும். அத்தியாவசியத் தேவைக்கும் வைத்தியத்துக்கும் மட்டுமே வெளியே வரலாம்.

டாக்டர்களின் எச்சரிக்கையை நாம் மறுக்கவில்லை. கொரோனா முதியவர்களைத்தான் அதிகமாகக் கொன்றது. நமது கேள்வி ஒன்றே: வீட்டிலிருக்கும் நாளுக்குக் கூலி யார் தருவது?

காரைக்குடியில் சர்க்கார் ஊழியர் வீட்டிலிருந்தார், சம்பளம் வந்தது. அது நியாயமே. வானம் பார்த்த சிவகங்கைச் சீமையில் கண்மாயும் வரத்துக்காலும் வெட்டிப் பிழைக்கும் வயதான தாய்க்கு? நூறு நாள் வேலையில் அந்த ஆண்டு தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த கூலி 256 ரூபாய். முதியோர் பென்ஷன் இருந்ததே என்பார்கள். அன்று அது மாதம் 1,000 ரூபாய். 80 வயதுக்குட்பட்டவருக்கு அதில் மத்திய சர்க்காரின் பங்கு வெறும் 200. நான்கு நாள் கூலிக்குக்கூட எட்டாத தொகையை வைத்துக்கொண்டு முப்பது நாள் முடங்கிக் கிட என்றார்கள்! ஊரடங்குக்கென மத்திய சர்க்கார் கூடுதலாகக் கொடுத்தது 1,000 ரூபாய், அதுவும் இரண்டு தவணையில்.

திருப்பூருக்குப் போன பிள்ளைகள் வேலையிழந்து ஊர் திரும்பினார்கள். காளையார்கோவில் காளீஸ்வரா ‘பி’ மில் உட்பட தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் ஆலைகள் ஊரடங்கில் நின்றன. பிறகு பழையபடி ஓடவில்லை. வாலிபனுக்கு வேலையில்லாத வீட்டில் கிழவரின் கூலிதான் உலை வைத்தது. அவரை அறியாமையால் வெளியே வந்தவர் என்று ஏசியவர்களுக்கு இது தெரியாது.

மில் தொழிலாளிக்கு அன்று 1948-ம் ஆண்டு ஈ.எஸ்.ஐ. சட்டம் இருந்தது. நோயுற்றால் ஆண்டுக்கு 91 நாள் வரை, கூலியில் 70 சதம். ஆனால் நோய் வந்த பிறகு, டாக்டர் சர்ட்டிபிகேட் காட்டினால்தான்! நோய் வராமலிருக்க ஒதுங்கி நிற்பவருக்குக் காலணா கிடையாது. விவசாயத் தொழிலாளிக்கோ அந்தச் சட்டமே இருக்கவில்லை.

அதே மே மாதம் தமிழக அரசு தன் ஊழியர்களின் ஓய்வு வயதை 58-லிருந்து 59 ஆக்கியது. நாற்று நடுகிறவருக்கு ஓய்வு வயது எது என்று எந்த அரசாணையும் சொல்லவில்லை.

இன்னொரு கொள்ளைநோய் வருமுன் இதைத் தீர்த்தாக வேண்டும். வயதையோ நோயையோ காட்டி ஒருவரை வேலைக்கு வராதே என்றால், உத்தரவு போட்ட சர்க்கார் அந்த நாளின் முழுக் கூலியையும் தரவேண்டும். வரத்தான் வேண்டுமென்ற முதியவருக்கு நிழலில் இலேசான வேலை, அதே கூலி. ஈ.எஸ்.ஐ. பாதுகாப்பு விவசாயத் தொழிலாளருக்கும் வேண்டும். மே 1 கிராமசபையில் இதைத் தீர்மானமாக வையுங்கள். மில் கேட்டிலும் சங்கம் இதே கோரிக்கையை எழுப்பட்டும்.