பூண்டி நீரும் சத்தியமூர்த்தியும்

மணவூரில் ரயிலேறிச் சென்னைக்கு வேலைக்குப் போகிறவர்கள் அங்கே குடிக்கும் தண்ணீரில் ஒரு பங்கு நம் கொசஸ்தலை ஆற்றிலிருந்து போனது. திருத்தணி மலையடிவாரத்து நந்தியாறும் அதில்தான் கலக்கிறது. அந்த நீரைப் பூண்டியில் தேக்கப் பாடுபட்டவர் தீரர் சத்தியமூர்த்தி. நீர்த்தேக்கத்துக்கு அவர் பெயர்தான். ஆனால் இன்றைய இளைஞர்களிடம் கேட்டால் காமராஜரின் குரு என்பதோடு முடித்துவிடுகிறார்கள்.

அவர் பழமைவாதி. மறைக்க வேண்டியதில்லை. சென்னைச் சட்டசபையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியபோது எதிர்த்து நின்றவர்களில் சத்தியமூர்த்தி முக்கியமானவர். கோயில் வழக்கத்தில் அரசு கைவைக்கக் கூடாது என்பது அவர் வாதம். கோயிலுக்கென்று பொட்டுக் கட்டப்பட்ட சிறுமியிடம் யாராவது சம்மதம் கேட்டார்களா? அந்தக் காலத்து மனிதர் அப்படித்தான் இருப்பார் என்ற சமாதானத்தை நாம் ஏற்கவில்லை. முத்துலட்சுமியும் அதே காலத்தவர். அதே சபையில் அமர்ந்திருந்தவர். பொட்டுக் கட்டுவதைத் தடை செய்யும் சட்டம் 1947-ல்தான் வந்தது. அந்தத் தாமதத்தில் சத்தியமூர்த்திக்கும் பங்குண்டு.

இதே மனிதர் 1939 நவம்பரில் சென்னை மேயரானார். ஓராண்டுப் பதவி. நிர்வாக அதிகாரம் கமிஷனர் கையில். உலகப் போர் தொடங்கிவிட்டது; காங்கிரஸ் மந்திரிசபை ராஜினாமா செய்து, மாகாணம் கவர்னர் ஆட்சிக்குப் போயிருந்தது. நகரமோ செங்குன்றம் ஏரியை நம்பித் தாகத்தில் தவித்தது. கையை விரிக்க இதைவிட நல்ல காரணம் ஒரு மேயருக்குக் கிடைக்காது. அவர் விரிக்கவில்லை. வெள்ளைக்கார அரசோடு வாதாடி, போர்க்காலத்திலும் பூண்டித் திட்டத்துக்கு அனுமதி வாங்கினார். 1940 ஆகஸ்டில், அவர் பதவிக்காலம் முடியுமுன்பே, கவர்னர் ஆர்தர் ஹோப் அடிக்கல் நாட்டினார். வெள்ளையனை வெளியேறச் சொல்லும் காங்கிரஸ் கட்சியின் மேயர் அதே வெள்ளையனின் கவர்னரை வைத்து அணைக்கு அடிக்கல் நாட்டுவது எளிதான காரியமில்லை. ஊர்த் தாகம் கட்சி கௌரவத்தைவிடப் பெரிது என்று அவர் கருதியிருக்க வேண்டும். அதற்காகவே அவரை வணங்கலாம்.

1942-ல் கைதாகி அமராவதிச் சிறைக்குக் கொண்டுபோகப்பட்டார். முதுகெலும்பு பாதிக்கப்பட்ட நிலையில் 1943 மார்ச் 28 அன்று சென்னையில் இறந்தார். பூண்டி 1944-ல் திறக்கப்பட்டது. அவர் பார்க்கவில்லை. இன்று கிருஷ்ணா நீரும் கண்டலேறு அணையிலிருந்து பூண்டிக்குத்தான் வந்து சேர்கிறது.

அணை கட்டியதற்காகத் தேவதாசி விவகாரத்தை மன்னித்துவிட முடியாது. அந்த விவகாரத்துக்காக அணையை மறுக்கவும் முடியாது. ஒரு தலைவரை முழுவதும் தூக்கிப் பிடிப்பதும் முழுவதும் தள்ளி வைப்பதுமாகவே நம் மேடைகள் பழகிவிட்டன. அதனால்தான் உள்ளாட்சித் தேர்தல் வந்தாலும் வார்டில் நிற்பவரின் கட்சி, சாதி, பக்தி எல்லாவற்றையும் விசாரிக்கிறோம். குழாயில் தண்ணீர் வருமா என்று மட்டும் கேட்க மறக்கிறோம்.

இன்னொன்றும் உண்டு. நகரத்துக்கு நீர் கொடுக்கும் கிராமங்களுக்குக் குடிநீர் உறுதியாக வேண்டும். ஏரிகளின் வரத்துக் கால்வாய்கள் தூர்ந்து கிடக்கக் கூடாது. ஆற்றில் மணல் திருட்டு நடக்கக் கூடாது. திருத்தணி நகராட்சியிலும் திருவாலங்காடு ஒன்றியத்திலும் உங்கள் உறுப்பினர் அடுத்த முறை வாசலுக்கு வரும்போது, வாசகர்களே, கொள்கை பேசட்டும், கேளுங்கள். பிறகு, தண்ணீருக்கு இதுவரை என்ன செய்தார் என்று கேட்டு, பதில் வரும்வரை அனுப்பாதீர்கள்.