நகரசபைக் கணக்கும் நமது வாலிபர்களும்

திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் கணக்கு சாஸ்திரத்தில் பட்டம் பெற்று வெளிவரும் வாலிபர்களை என்ன உத்தியோகம் நாடுகிறீர்களென்று கேட்டுப் பாருங்கள். பாங்கி என்பார்கள், வருமான வரி இலாகா என்பார்கள், பெங்களூர்க் கம்பெனி என்பார்கள். நகரசபைக் கணக்கிலாகா என்பவர் அரிது. சொன்னாலும் வீட்டுப் பெரியவர்களே நகைப்பார்கள். ரசீதுப் புத்தகத்தோடு வாசற்படி ஏறும் பில் கலெக்டர் ஒருவர்தாம் அவர்கள் அறிந்த நகரசபை உத்தியோகஸ்தர். இந்த அலட்சியத்தால் விளையும் நஷ்டம் வரி செலுத்தும் ஜனங்களையே சேருகிறது.

1866-ஆம் வருஷத்தில் திருச்சிக்கு நகரசபை ஏற்பட்டது. 1994 ஜூன் மாதத்தில் திருச்சி, ஸ்ரீரங்கம், பொன்மலை என்ற மூன்று நகரசபைகளும் ஒன்றாகி மாநகராட்சியாயின. மூன்று பெட்டிகள் ஒரே பெட்டியாயின என்றும் சொல்லலாம். அன்று முதல் ஸ்ரீரங்கத்துத் திண்ணைகளில் ஒரு கேள்வி உண்டு: நாம் கட்டும் வரியில் இந்தத் தீவுக்குத் திரும்பி வருவது எவ்வளவு? வைகுண்ட ஏகாதசிக்குத் திரளும் ஜனசமுத்திரத்துக்குக் குடிநீரும் சுகாதாரமும் அளிக்கும் செலவு யார் தலையில் எழுதப்படுகிறது? கேள்வி நியாயமானது. ஆனால் மேடைப் பிரசங்கத்தால் அதற்கு விடை கிடைக்காது. கணக்குப் புத்தகத்தைப் படிக்கத் தெரிந்தவனே விடை சொல்ல வேண்டும்.

அந்தப் புத்தகம் எளியதன்று. பொது நிதி, குடிநீர் வடிகால் நிதி, ஆரம்பக் கல்வி நிதி என்று நகரசபையின் பணம் தனித்தனியே பிரித்து வைக்கப்படுகிறது. ஒன்றில் பற்றாக்குறை நேர்ந்தால் மற்றொன்றில் கைவைக்கும் ஆசை எந்த நிர்வாகத்துக்கும் எழும். இப்படிக் கைமாற்றாக எடுத்தது எவ்வளவு, திரும்ப வைத்தது எவ்வளவு என்று எழுதி நிறுத்துபவன் கணக்கன்தான். முற்காலத்தில் கையில் வந்த ரொக்கமும் கையை விட்டுப் போன ரொக்கமுமே பதிவாயின. வசூலாகாத வரிப்பாக்கியும், காண்டிராக்டருக்குக் கொடுபடாத பட்டியலும் கண்ணுக்குத் தெரியாமலே கிடந்தன. 2000-ஆம் வருஷம் முதல் தமிழ்நாட்டு நகரசபைகளில் இரட்டைப் பதிவு முறை வந்தது. வரி கேட்கப்பட்ட நாளிலேயே அது வரவேண்டிய பாக்கியாக ஏறுகிறது. குழாயின் தேய்மானமும் செலவாக எழுதப்படுகிறது. உண்மை நிலைமை இனி மறைவது கடினம். ஆனால் அதை எழுதவும் படிக்கவும் தேர்ந்த மூளை வேண்டாமா?

இது மேனாட்டார் நமக்குக் கற்பித்த வித்தை என்று எவரும் எண்ண வேண்டாம். முதற் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்ச் சாஸனத்தைப் பார்க்க. கணக்கு எழுதியவன் தன் காலத்துக் கணக்கைப் பெரு வாரியத்தார் முன் ஒப்புவித்து, நேர்மையானவனென்று தெளிவாகும் வரையில் மறுபடி அப்பதவிக்கு வரலாகாது. அவன் எழுதியதை அவனே முடிக்க வேண்டும், வேறொருவனை வைத்து முடிக்கக் கூடாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது போனவனுக்கும் அவன் சுற்றத்தாருக்கும் குடவோலையில் இடமே இல்லை. இன்றைய சட்டம்கூடச் சுற்றத்தாரைத் தொடவில்லை!

தேச விடுதலைக்குப் போராடியவர்களும் இவ்வேலையை இழிவாக எண்ணியதில்லை. 1924-இல் கல்கத்தா கார்ப்பொரேஷனின் தலைமை நிர்வாகியாக அமர்ந்த சுபாஷ் சந்திர போஸ் 3000 ரூபாய்ச் சம்பளத்தில் பாதியே பெற்றுக்கொண்டார். தஞ்சையிற் பிறந்து லண்டனில் கணக்கு சாஸ்திரம் பயின்ற ஜே.சி. குமரப்பா, 1934-இல் பீகார் பூகம்ப நிவாரண நிதியின் கணக்கைக் காத்தபோது, மகாத்மாவின் பரிவாரச் செலவைக்கூட விதிக்கு மேல் கொடுக்க மறுத்தார். நகரசபைக் கணக்கனுக்கு வேண்டிய துணிவு இதுவே. மேயரோ, கமிஷனரோ, மந்திரியோ கேட்டாலும் ‘இதற்கு இடமில்லை’ என்று குறிப்பெழுதும் துணிவு.

2022-இல் வீட்டு வரி உயர்ந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 600 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்கு நூற்றுக்கு 25, 1800-க்கு மேற்பட்டதற்கு நூற்றுக்கு நூறு. பதினைந்தாவது நிதிக் கமிஷனின் நிபந்தனையே காரணமென்று சர்க்கார் கூறினர். வரியை உயர்த்தாத ஊருக்கு டில்லிப் பணம் இல்லையாம். 1993-இல் அமலுக்கு வந்த 74-ஆவது திருத்தம் ஸ்தல சுயாட்சியை அரசியல் சட்டத்தில் எழுதிவிட்டது மெய்தான். பெட்டியின் சாவியோ இன்னும் வேறிடத்தில் இருக்கிறது. தன் வரவு செலவைத் தானே அறியாத நகரசபை அந்தச் சாவியைக் கேட்க என்ன யோக்கியதை பெறும்?

உத்தியோகத்துக்கு வழி அடைபட்டிருக்கவில்லை. பில் கலெக்டர் வேலைக்கு சர்வீஸ் கமிஷனின் நான்காம் தொகுதிப் பரீட்சை. ஸ்தல நிதித் தணிக்கை உதவி இன்ஸ்பெக்டர் வேலைக்கு இரண்டாம் தொகுதிப் பரீட்சை. சம்பளம் கம்பெனிக்காரர் கொடுப்பதற்கு ஈடாகாதென்பதை நாமும் அறிவோம். அதை மறைத்து வாலிபரை அழைப்பது நேர்மையாகாது. ஆகையால் சர்க்கார் செய்ய வேண்டியது, கணக்கிலாகாவில் காலியாகும் ஸ்தானங்களைத் தாமதமின்றி நிரப்புவதும், ஆட்சேபக் குறிப்பெழுதிய சிப்பந்தியை மறுமாதமே ஊர் மாற்றாதிருப்பதுமாகும். மாநகராட்சி செய்ய வேண்டியது ஒன்று. ஸ்ரீரங்கம் முதலாக ஒவ்வொரு கோட்டத்திலும் வசூலான வரி, நின்ற பாக்கி, செய்த செலவு மூன்றையும் தெளிந்த தமிழில் அச்சிட்டு, வரவு செலவுத் திட்டம் சபைக்கு வருமுன் அந்தந்தக் கோட்ட ஆபீஸ் வாசலில் ஒட்ட வேண்டும். அடுத்த பங்குனிக்குள் இதைச் செய்யும்படி மேயரையும் அங்கத்தினர்களையும் கேட்டுக்கொள்கிறோம்.