பாட்டுக்கு விழுந்த வாக்கு

“பாடுகிறவனுக்கு வாக்குப் போட ஊரெல்லாம் வசூலா? வேலையற்ற வேலை!” என்று ஏளனம் பேசத் தோன்றும், எதையும் எட்ட நின்று பார்த்து எள்ளி நகையாடும் மேதாவிகளுக்கு. நாம் அப்படிப் பேசமாட்டோம், தோழர்களே! 2007ஆம் ஆண்டிலே டார்ஜிலிங் மலையிலே நடந்ததை அறிந்தவர் எவரும் அப்படிப் பேசத் துணியமாட்டார்.

யார் அந்தப் பாடகர்? சீமான் வீட்டுச் செல்லப்பிள்ளையா? சபாக்களிலே வளர்ந்த சங்கீதப் பரம்பரையா? இல்லை. பிரசாந்த் தமாங், கல்கத்தா போலீசிலே ஒரு கான்ஸ்டபிள். தகப்பனாரும் போலீஸ்காரர். அவர் மறைந்த பிறகு, குடும்பத்தைக் காப்பாற்ற அந்தக் காக்கிச் சட்டையை மகன் மாட்டிக்கொண்டார். போலீஸ் இசைக்குழுவிலே பாடிப் பழகிய அந்தக் குரல்தான் ‘இந்தியன் ஐடல்’ என்ற தொலைக்காட்சிப் போட்டிக்குப் போயிற்று.

போனதும் மலையே எழுந்து நின்றது! டார்ஜிலிங், காலிம்போங், குர்சியோங், அப்பால் சிக்கிம் — எங்கும் ரசிகர் மன்றங்கள், எங்கும் வசூல். ஏன் இந்த வெறி என்று கேட்பீர்கள். கூர்க்கா என்றதும் இந்நாட்டார் நினைவுக்கு வருவது என்ன? கையிலே தடி, வாயிலே விசில், நள்ளிரவிலே தெருக்காவல்! எல்லையிலே இரத்தம் சிந்திய இனம். ஆனால் அதன் மொழி அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையிலே இடம்பெற 1992 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தனி மாநிலம் கேட்டு 1986 முதல் 1988 வரை கிளர்ச்சி நடந்து, நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். கிடைத்ததோ ஒரு மலைக் கவுன்சில். அப்படிப்பட்ட மக்கள், தங்கள் வீட்டுப் பிள்ளையின் முகத்தை நாடு முழுவதும் பார்க்கிறது என்றபோது, பையிலே இருந்த காசைத் துழாவி எடுத்ததிலே வியப்பென்ன?

ஆனால் அந்த வாக்கு எப்படிப்பட்ட வாக்கு என்பதையும் பார்க்கவேண்டும். நம் வாக்குச்சாவடியிலே ஆலை முதலாளிக்கும் ஒரு வாக்கு, ஆலைத் தொழிலாளிக்கும் ஒரு வாக்கு. அங்கே அப்படியல்ல! செல்பேசியிலே எத்தனை குறுஞ்செய்தி அனுப்புகிறாயோ, அத்தனை வாக்கு. ஒவ்வொன்றுக்கும் வழக்கத்தைவிடக் கூடுதல் கட்டணம். மடியிலே கனமுள்ளவனுக்கு நூறு வாக்கு, இல்லாதவனுக்கு ஒன்றுமில்லை. ஏழை மலை அந்த ஆட்டத்திலே எப்படி ஈடுகொடுக்கும்? கூட்டுச் சேர்ந்துதான்! அதைத்தான் செய்தார்கள். இறுதிப் போட்டியிலே சுமார் 7 கோடி வாக்குகள் விழுந்ததாக அறிவித்தார்கள். யார் தோற்றாலும் தொலைக்காட்சிக்காரருக்கும் தொலைபேசிக் கம்பெனிக்கும் தோல்வியில்லை.

எதிரே நின்றவர் அமித் பால், மேகாலயாவின் ஷில்லாங்கைச் சேர்ந்த வங்காளி இளைஞர். 1979இலிருந்து பலமுறை, பழங்குடியினரும் வெளியிலிருந்து வந்து குடியேறியோரும் மோதிக்கொண்ட ஊர் அது. அந்த ஊரிலே காசி இனத்தவரும் அந்த வங்காளிக்காக வாக்குச் சேர்த்தார்கள்! மாநில அரசு அவரை அமைதியின் தூதராக அறிவித்தது. பல ஆண்டு அமைதிக் குழுக்களுக்கு எட்டாததை ஒரு பாட்டு எட்டிப்பிடித்தது. அந்த ஒற்றுமை எத்தனை நாள் நிலைத்தது என்பது வேறு கணக்கு.

2007 செப்டம்பர் 23 அன்று பிரசாந்த் வென்றார். மலையிலே விழா! மகிழ்ச்சி ஒரு வாரம்கூட நீடிக்கவில்லை. தலைநகரிலே ஒரு தனியார் வானொலியின் அறிவிப்பாளர், கூர்க்காக்களைக் காவல்காரர் என்று குத்திக்காட்டிக் கேலி பேசினார். எதைத் துடைக்க மக்கள் காசு சேர்த்தார்களோ, அதே கறையை மீண்டும் பூசினார்! சிலிகுரியிலே கண்டன ஊர்வலம் கலவரமாயிற்று; ஊரடங்கு உத்தரவு வந்தது.

இதிலே நாம் கூர்ந்து பார்க்கவேண்டிய இடம் ஒன்று உண்டு. மலைக் கவுன்சிலின் தலைவர் சுபாஷ் கீசிங், இருபது ஆண்டுகள் மலையை ஆண்டவர். பாட்டுப் போட்டிதானே என்று பாராமுகமாயிருந்தார். அவருடைய கட்சியிலிருந்த பிமல் குருங்கோ, மன்றங்களோடு நின்றார், வசூலிலே இறங்கினார். வெற்றி வந்து சரியாக இரண்டு வாரத்திலே, அக்டோபர் 7ஆம் நாள், கூர்க்கா ஜனமுக்தி மோர்ச்சா என்ற புதுக் கட்சியைத் தொடங்கினார். வாக்குச் சேர்க்கத் திரண்ட இளைஞர் கூட்டம் கொடியேந்தும் கூட்டமாயிற்று. 2008 மார்ச்சிலே கீசிங் பதவி விலகினார். மக்கள் எதிலே மனம் வைத்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்க்காத தலைவருக்கு நேர்ந்த கதி!

குருங்குக்குப் பிறகு என்ன கிடைத்தது? 2012இலே கூர்க்காலாந்து பிரதேச நிர்வாகம் வந்தது. அவர் அதன் தலைவரானார். 2017இலே 104 நாள் முழுக் கடையடைப்பு நடந்தது. தனி மாநிலம் வரவில்லை. அவரும் மலையைவிட்டுத் தலைமறைவானார். தேயிலைத் தோட்டத் தொழிலாளியோ, தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த மண்ணுக்குப் பட்டா கேட்டு அப்போதும் நின்றுகொண்டிருந்தார்.