தேதி தப்பினால் படம் பொய் சொல்லும்!

பொங்கல் திருநாள். தஞ்சைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். வாசலில் புதுப்பானை பொங்குகிறது. பேரப்பிள்ளை பீரோவைத் திறந்து, பல வருஷமாகத் தூங்கிய டிஜிட்டல் கேமராவை எடுக்கிறான். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிறான். பாட்டி கரும்பைப் பிடித்துக் கொண்டு நிற்கிறாள். "கிளிக்!"

படம் அருமையாக விழுந்திருக்கிறது. ஆனால் மூலையில் என்ன தேதி? 2008, ஜனவரி 1!

பையன் பிறந்ததோ 2012-ல். பிறப்பதற்கு நாலு வருஷம் முன்பே பாட்டியைப் படம் பிடித்து விட்டான்!

வீடே சிரிக்கிறது. சிரிக்க வேண்டிய சங்கதிதான். ஆனால் சிரித்து விட்டு மறந்து விடுகிற சங்கதி அல்ல.

பழைய கேமரா உள்ள எந்த வீட்டிலும் இது நடக்கலாம். 2010-ம் ஆண்டில் மட்டும் 12 கோடிக்கு மேற்பட்ட டிஜிட்டல் கேமராக்கள் உலகச் சந்தைக்கு வந்தன. பிறகு செல்போன் வந்தது. கேமரா பீரோவுக்குள் போயிற்று. இப்போது இளம் பிள்ளைகள் அவற்றைத் தூசி தட்டி எடுக்கிறார்கள். அப்போதுதான் இந்தத் தேதிக் குழப்பம் தலை காட்டுகிறது.

உள்ளே ஒரு கடிகாரம்

கேமராவுக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. அதன் உயிர்நாடி குவார்ட்ஸ் என்னும் சிறு படிகத் துண்டு. பெரும்பாலும் அது விநாடிக்கு 32,768 தடவை அதிர்கிறது. அந்த அதிர்வை எண்ணி எண்ணித்தான் கேமரா நாளையும் நேரத்தையும் தெரிந்து கொள்கிறது.

செல்போனுக்குக் கோபுரத்திலிருந்து சரியான நேரம் வந்து விடுகிறது. பாவம், கேமராவுக்கு நேரம் சொல்ல ஆள் இல்லை! பெரிய பேட்டரியைக் கழற்றினாலும் கடிகாரம் ஓட வேண்டும். அதற்காகவே உள்ளே இன்னொரு பேட்டரி வைத்திருக்கிறார்கள். சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும்.

ஆறும் குளமும்

காவிரிக் கரை மக்களுக்கு இதை எளிதில் விளங்கச் சொல்லலாம். வழக்கப்படி ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறக்கும். ஜனவரி 28-ல் மூடும். ஆற்றில் தண்ணீர் வரும்போது வாய்க்கால் வழியாகக் குளம் நிரம்பும். ஆறு வறண்ட பிறகு, ஆடு மாடுகளுக்கு அந்தக் குளம்தானே துணை?

கேமராவில் பெரிய பேட்டரிதான் ஆறு. பொத்தான் பேட்டரிதான் குளம். ஆறு ஓடும்போது குளம் நிரம்புகிறது. ஆறு நின்றதும் குளம் கடிகாரத்தைக் காப்பாற்றுகிறது.

குளம் நிரம்ப எவ்வளவு நேரம் ஆகும்? கேமராவுக்குக் கேமரா வித்தியாசம். சிலவற்றுக்கு 4 மணி நேரம். சிலவற்றுக்கு 10 மணி நேரம். சிலவற்றுக்கு 24 மணி நேரம். நிரம்பியது எத்தனை நாள் தாங்கும்? ஒன்றில் சில நாள். ஒன்றில் 3 வாரம். இன்னொன்றில் 3 மாதம். அதற்குமேல் கடிகாரம் நின்று விடும். மறுபடி பேட்டரி போட்டதும், கேமரா தன் பழைய ஆரம்பத் தேதிக்கே போய் விடும்.

சரி, தேதியைத் திருத்திக் கொள்ளலாம். ஆனால் ஆண்டுகள் ஆக ஆகக் குளம் தூர்ந்து போகிறதே! பொத்தான் பேட்டரி கிழடு தட்டி விடுகிறது. எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் நிற்பதில்லை. குளம் தூர்ந்தால் ஊர் கூடித் தூர் வாரலாம். இந்தக் குளத்தை என்ன செய்வது? பேட்டரியை உள்ளே ஈயம் வைத்துப் பற்ற வைத்து, மேலே மூடி விட்டார்கள். வாங்கியவர் கை அங்கே போகாது.

கோளாறு அங்கேதான் இருக்கிறது.

முடியாத காரியமா?

"கேமரா சிறியது. தனி அறை வைக்க இடம் ஏது? வாங்குபவருக்குப் பேட்டரி மாற்றும் தொல்லையும் இல்லையே!" என்று தயாரிப்பாளர்கள் சொல்லலாம். முதல் ஐந்து வருஷத்துக்கு அது நியாயம். பத்து வருஷம் கழித்து?

முடியாத காரியமும் அல்ல. கேனான் கம்பெனியின் பவர்ஷாட் 'ஏ' வரிசையில் சில பழைய கேமராக்களுக்குத் தேதி பேட்டரி தனியாக இருந்தது. இழுத்து எடுத்து, புதிது போட்டுக் கொள்ளலாம். அன்று முடிந்தது இன்று ஏன் முடியாது?

ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் ஒரு பேட்டரிச் சட்டம் செய்தது. 2027 பிப்ரவரி 18 முதல், கையடக்கச் சாதனங்களின் பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும் என்பது அதன் விதி. சில விலக்குகளும் உண்டு. நம் நாட்டிலும் 2022 டிசம்பர் 24 அன்று, மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'பழுதுபார்க்கும் உரிமை'க்காக ஓர் இணையதளம் தொடங்கியது. பொத்தான் பேட்டரியும் அந்த உரிமைக்குள் வர வேண்டும். அதற்கு ஒரு சிறு கதவு போதும். அதில் திருகு அவசியம். பொத்தான் பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

கஜா கற்பித்த பாடம்

"தேதி போனால் என்ன? படம் இருக்கிறதே!" என்று கேட்கலாம்.

2018 நவம்பர் 16 விடியற்காலை, கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. பல கிராமங்களில் பல நாள் மின்சாரம் இல்லை. அந்த மாதிரி நேரத்தில்தான் பேட்டரி தீரும். கடிகாரமும் நிற்கும். சாய்ந்த தென்னையைப் படம் எடுத்து, நிவாரணம் கேட்டுப் போகிறவரின் படத்தில் 2008 என்று இருந்தால்? "இது எந்தப் புயல்?" என்று கேட்க மாட்டார்களா?

தேதியைக் கையாலும் மாற்றலாம். ஆகையால் தேதி மட்டுமே சாட்சி ஆகாது. ஆனால் தவறான தேதி, உண்மையான சாட்சியையும் கெடுத்து விடும்.

நாளின் அருமையைத் தஞ்சைக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பெரிய கோவில் விமானத்தின் உச்சியில் வைக்க ராஜராஜ சோழன் செப்புக் குடம் கொடுத்தான். என்றைக்கு? ஆட்சியின் 25-வது ஆண்டு, 275-வது நாள் என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறது. அது 1010-ம் ஆண்டு. ஆயிரம் வருஷம் கழித்தும் நாள் தப்பவில்லை. பாட்டியின் பொங்கல் படத்துக்குப் பத்து வருஷமாவது தேதி நிற்க வேண்டாமா?

வீட்டில் செய்ய வேண்டியது

தயாரிப்பாளர்கள் திருந்தும் வரை குடும்பங்கள் விழிப்பாக இருக்க வேண்டும்.

விசேஷத்துக்கு முதல் நாளே, சார்ஜ் ஏற்றிய பேட்டரியைக் கேமராவில் போட்டு, ஒரு நாள் முழுவதும் அப்படியே விட்டு வையுங்கள். குளம் நிரம்பட்டும்.

கேமரா தேதி கேட்டால், அவசரத்தில் பொத்தானை அழுத்தித் தாண்டிப் போகாதீர்கள். சரியான தேதியைப் போடுங்கள்.

முக்கியமான படம் என்றால், அன்றைய நாளிதழின் முதல் பக்கத்தையும் சேர்த்து ஒரு படம் எடுங்கள்.

பிரிண்ட் போட்டால் பின்பக்கத்தில் நாள், ஊர், பெயர் எழுதி வையுங்கள்.

கேமராவை வீட்டில் பிரிக்கவே கூடாது. பிளாஷுக்காகச் சுமார் 300 வோல்ட் மின்சாரம் உள்ளே தேங்கியிருக்கக் கூடும். தெரிந்த ரிப்பேர்காரரிடம் கொடுங்கள்.

கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பார்கள். பொத்தான் பேட்டரியும் கடுகுதான். அது செத்தால் ஒரு குடும்பத்தின் நாளும் கிழமையும் குழம்பிப் போகும். வாங்கியவர் கையாலேயே மாற்றும்படி அதைச் செய்து கொடுப்பது தயாரிப்பாளர்களின் கடமை. கேட்டு வாங்குவது மக்களின் உரிமை!