பிரிக்காத குப்பை எருவாகாது

விழுப்புரம், திண்டிவனம் போன்ற நகரங்களில் வீட்டுக் குப்பையைக் குறித்துப் பரவலான கருத்து ஒன்று நிலவுகிறது. எல்லாவற்றையும் ஒரே வாளியில் சேர்த்துத் தூய்மைப் பணியாளரிடம் கொடுத்தால் போதும், உரக்கிடங்கில் பிரித்துக்கொள்வார்கள் என்பதே அது. இக்கருத்தைத் தாங்கும் வாதங்களுள் எதுவும் ஆய்வில் நிலைப்பதில்லை.

பின்னர் பிரித்துக்கொள்ளலாம் என்பது முதல் வாதம். குழம்பில் ஊறிய செய்தித்தாளைக் காயலான் கடையில் எவரும் எடைக்கு வாங்குவதில்லை. உடைந்த குழல்விளக்கின் பாதரசமும் பேட்டரியின் உலோகங்களும் ஈரக் குப்பையில் ஒருமுறை கலந்துவிட்டால், எத்தனை முறை சலித்தாலும் சல்லடை அவற்றைப் பிடிக்காது. நகரக் குப்பையிலிருந்து செய்யப்படும் எருவில் ஈயம், காட்மியம், பாதரசம் ஆகியன எந்த அளவைத் தாண்டக்கூடாது என்று 1985ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணை வரையறுத்திருப்பது இதனால்தான். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் டி.எம்.வி. என்னும் பெயரில் நிலக்கடலை இரகங்களை வெளியிட்ட வட்டாரம் இது. மண்ணுக்குள் காய்க்கும் பயிரைக் கையால் பிடுங்கி ஆயும் பெண்களின் விரல்களைத்தான், எருவோடு கடலைக் கொல்லைக்குப் போன கண்ணாடிச் சில்லு முதலில் கிழிக்கும். பிரிக்காதவரின் சோம்பலுக்கு அவர்கள் விலை கொடுப்பது அநீதி.

பிரித்துக் கொடுத்தாலும் வண்டியில் கலந்துவிடுகிறார்கள் என்பது இரண்டாவது வாதம். தடுப்பில்லாத வண்டியில் அவ்வாறு நேர்வதுண்டு. ஆனால் அது தடுப்புள்ள வண்டியைக் கேட்டுப் பெறுவதற்கான காரணமேயன்றிப் பிரிப்பதைக் கைவிடுவதற்கான காரணமாகாது. மேலும், ஈரக் குப்பை வீட்டை விட்டு வெளியேற வேண்டிய கட்டாயமும் இல்லை. நைட்ரஜன் மிகுந்த காய்கறிக் கழிவோடு, கார்பன் மிகுந்த காய்ந்த இலையையோ கடலைத் தோலையோ ஏறத்தாழ முப்பதுக்கு ஒன்று என்ற கார்பன்–நைட்ரஜன் விகிதம் அமையுமாறு கலந்து, பிழிந்த துணியளவு ஈரத்துடன் துளையிட்ட தொட்டியில் அவ்வப்போது கிளறிவந்தால் சில மாதங்களில் எருவாகிவிடும். நாற்றம் வீசுகிறதென்றால் பெரும்பாலும் காற்று போதவில்லை அல்லது ஈரம் மிகுந்துவிட்டது என்றே பொருள்.

கொளுத்திவிடலாம் என்போருக்கு நீண்ட மறுமொழி தேவையில்லை: பி.வி.சி. எரியும்போது டையாக்சின் என்னும் கொடிய நச்சு உண்டாகிறது. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளும் குப்பையைத் தெருவில் எரிப்பதைத் தடை செய்தன.

நெகிழியைத்தான் தார்ச்சாலையில் போட்டுவிடுகிறார்களே என்பது கடைசி வாதம். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் இராசகோபாலன் வாசுதேவன் உருவாக்கியதும், அவருக்கு 2018இல் பத்மஸ்ரீ பெற்றுத் தந்ததுமான அம்முறையில், சூடேற்றிய ஜல்லியின்மேல் துருவிய நெகிழி உருகிப் படிந்தபின் தார் சேர்க்கப்படுகிறது. அதில் பி.வி.சி.க்கு இடமில்லை, ஏனைய நெகிழியும் மண்ணும் சோறும் ஒட்டாமல், உலர்ந்து வந்தாக வேண்டும். ஒரே வாளியில் ஒரு நாள் கிடந்த பால் உறையைக் கழுவி உலர்த்தித் தரச் சாலை போடுமிடத்தில் ஆளில்லை.