தருமபுரிப் புழுவும் நடுக்குவாதமும்

தருமபுரி அரசு பட்டுக்கூடு அங்காடியில் ஏலம் போவது கூடு மட்டும்தான். அதைப் பின்னும் புழுவின் உடலில் மருத்துவத்துக்குப் பயன்படும் செய்தி இருப்பதாக ஜப்பானிய ஆய்வு ஒன்று காட்டுகிறது.

நல்ல பட்டுப்புழுவின் வெண்மைக்குக் காரணம் தோலில் சேரும் யூரிக் அமிலப் படிகங்கள். அவை சேராத புழு, கண்ணாடிபோல் உள்ளே தெரியும். 'ஓபி' எனப்படும் அத்தகைய மரபணுத் திரிபு கொண்ட புழுக்களை டோக்கியோ வேளாண்மை, தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஹிரோகோ தபுனோகியும் சக ஆய்வாளர்களும் ஆராய்ந்தார்கள். அவற்றிடம் நடுக்குவாத நோயை ஒத்த குறைகள் தெரிந்தன. மூளையில் டோபமின் குறைகிறது, அசைவு தடுமாறுகிறது. யூரிக் அமிலம் உயிரணுக்களை ஆக்சிஜனேற்றச் சிதைவிலிருந்து காக்கிறது என்ற கருத்துக்கு அவர்களின் 2013 ஆய்வு வலுச் சேர்த்தது. மனிதரிடம் பழுதானால் இளவயதிலேயே நடுக்குவாதம் தரக்கூடிய டிஜே-1 மரபணுவுக்கு இணையானதும் பட்டுப்புழுவில் உண்டு.

புழு மனிதனல்ல, புழுவில் பலித்த மருந்து நோயாளியிடம் தோற்கலாம். ஆனாலும் முதற்கட்டச் சோதனைக்குப் புழு மலிவானது. சில வாரங்களில் வளர்கிறது, கையாளப் போதுமான பருமனும் உண்டு.

இத்தகைய ஆய்வுக்கு வேண்டியவை இங்கேயே இருக்கின்றன. 2004 வரை தருமபுரி மாவட்டத்தில் இருந்த ஓசூரில் மத்தியப் பட்டு வாரியத்தின் மரபுவள மையம் பட்டுப்புழு இனங்களைக் காத்துவருகிறது. தருமபுரியில் அரசு மருத்துவக் கல்லூரி உண்டு. பாலக்கோடு, பென்னாகரம் பக்கத்து விவசாயிகளுக்குப் புழுவின் ஒவ்வொரு பருவமும் அத்துப்படி.

இம்மூன்று தரப்பையும் ஒரே ஆய்வுத் திட்டத்தில் சேர்க்கத் தமிழக அரசு நிதி ஒதுக்க வேண்டும். நோயற்ற புழுவைத் தொடர்ந்து வளர்த்துத் தரும் விவசாயிக்குக் கூட்டின் விலையோடு ஆய்வுக்கான தனி ஊதியமும் அதில் இடம்பெற வேண்டும்.