மலையேற்ற ஓட்டம் வேகப் பயிற்சி ஆகாது: சங்கத்தின் நிலைப்பாடு

தேர்வு முகாமில் நடந்தது உறுப்பினர்கள் அனைவருக்கும் தெரியும். இங்கே திரும்ப எழுதவில்லை. செயற்குழு மூன்று முறை கூடியும் சில வாசகங்களில் முழு உடன்பாடு வரவில்லை. ஆனால் "மலைப் பசங்களுக்கு மூச்சு இருக்கு, வேகம் கிடையாது" என்று அங்கே நம் பிள்ளைகளின் முகத்துக்கு நேரே சொன்ன பிறகு வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது.

கால்பந்து, கபடி வீரர்களின் வேகத்தை வளர்க்க மலைப்பாதையில் நெடுந்தூரம் ஓடவைப்பதைச் சங்கம் ஏற்கவில்லை. தாங்குதிறனுக்கு அது ஓரளவு உதவும் என்று மூத்த பயிற்சியாளர்கள் சிலர் கருதுவதைப் பதிவு செய்கிறோம். வேகத்துக்கு உதவாது.

கால்பந்தில் ஒருவர் முழு வேகத்தில் பாய்வது பெரும்பாலும் 10 முதல் 30 மீட்டர்தான். ஆண்கள் கபடிக் களத்தின் நீளமே 13 மீட்டர். முதல் நான்கைந்து எட்டில் தரையை எவ்வளவு பலமாக உதைத்துத் தள்ளுகிறார் என்பதில் இருக்கிறது எல்லாம். அந்தப் பாய்ச்சலுக்குத் தசையில் இருக்கும் சக்தி சில விநாடிகளில் வற்றிவிடும். மறுபடி ஊறச் சில நிமிடங்கள் ஆகும். 10 மீட்டர் ஓட்டத்துக்கு ஒரு நிமிட ஓய்வு என்று பயிற்சியாளர்கள் கணக்கு வைப்பது இதனால்தான். நம் பிள்ளைகள் இரண்டு நிமிடம் நின்றால் "சோம்பேறி" என்று விசில் ஊதுகிறார்கள். இரைக்க இரைக்க ஓடும் உடம்பு மெதுவாக ஓடத்தான் பழகும். ஏற்காடு–சேலம் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் வருடக்கணக்காக ஏறவிட்டீர்களே, வேகப் பயிற்சி என்று ஒரு நாளாவது கொடுத்தீர்களா?

மலைக்காற்றையும் காரணம் காட்ட வேண்டாம். ஏற்காடு இருக்கும் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு. குறுகிய பாய்ச்சலுக்கு அது சாதகமே. 2,240 மீட்டர் உயரத்து மெக்சிகோ நகரில்தான் 1968 ஒலிம்பிக்கில் ஜிம் ஹைன்ஸ் 100 மீட்டரை 9.95 விநாடியில் கடந்தார்.

சரிவே வேண்டாம் என்று சொல்லவில்லை. லேசான ஏற்றத்தில் 15 மீட்டர் பாய்வது புறப்பாட்டு வேகத்துக்கு நல்லது. அதற்கு இங்கே இடப்பஞ்சம் இல்லை. இறக்கத்தில் வேகமாக ஓடவைப்பதை இயன்றவரை தவிர்க்கலாம். ("தடை" என்றே எழுதச் சொன்னார், தொடைப் பின்தசை கிழிந்து ஒரு சீசனையே இழந்த பையனின் அம்மா. பெரும்பான்மை ஏற்கவில்லை.)

வேகப் பயிற்சி வாரம் இரு நாள், வார்ம்-அப் முடிந்ததும், கால் களைக்கும் முன்பே நடக்க வேண்டும். பெண் பிள்ளைகளுக்கும் அதே நேரம், அதே மைதானம். பின்தசையை வலுப்படுத்தும் பயிற்சி கட்டாயம். சமதளம் இல்லாத ஊர்களில் காப்பி காயவைக்கும் களத்தில்தான் ஓடுகிறார்கள். அறுவடை மாதங்களில் அதுவும் கிடைக்காது.

இனி எந்தத் தேர்விலும் 30 மீட்டர் ஓட்டத்தை அளக்க வேண்டும்: ஒரே ஆள், ஒரே கடிகாரம், ஒவ்வொருவருக்கும் இரண்டு வாய்ப்பு. நேரம் எழுதிய தாளைப் பிள்ளைகளிடமே காட்ட வேண்டும். அளந்து பார்க்காமல் சொன்ன அந்த "வேகம் கிடையாது" என்ற வார்த்தையைத் திரும்பப் பெறும்வரை நம் பயிற்சியாளர்கள் யாரும் தேர்வுக் குழுவில் உட்கார மாட்டார்கள். இதில் மட்டும் செயற்குழுவில் மாற்றுக் கருத்து இல்லை.